ஸ்வீடன்காரர் கட்டாத மதில்

ஒல்ஷாவ்கா வட்டார அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவை இளமை தொட்டு இன்றுவரை தாங்கி நின்று, இன்று பணிநிறைவு பெறும் முனைவர் ஒத்தீலியா சிகோரா அவர்களுக்கு, உடன் உழைத்த பணியாளர்கள் அவையறிய வாசித்தளிக்கும் மடல்

மண்ணடுக்கின் மொழியறிந்த மாண்புடையீர்! கரிந்த கட்டையின் காலமுரைக்கும் கூர்த்த கண்ணுடையீர்! அலைவரி தீட்டிய ஓட்டுச் சில்லில் ஆயிரமாண்டின் அன்றாடத்தைப் படித்தவரே! அகழ்குழியின் முன் மட்டும் முழந்தாளிட்டு, அதிகாரத்தின் முன் ஒருநாளும் முழந்தாளிடாத அம்மையீர்! தங்களுக்கு எம் வணக்கம்.

இத்தகைய மடல்கள் இனிக்க வேண்டும் என்பது மரபு. இனிப்பு அந்த மேசையில் இருக்கிறது. கசகசா வைத்த ரொட்டியும், ஆப்பிள் அப்பமும், ஊராட்சி மன்றம் அனுப்பிய வெண்ணெய்க் கட்டியும் இருக்கின்றன. விரும்புவோர் அங்கே உண்க. இங்கே, தாங்கள் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய ஒன்றை மட்டுமே வைக்கிறோம்: நடந்ததை, நடந்த வரிசையில்.

வரிசை பிறழாத வல்லீர்! அகழ்குழியில் மேலடுக்கு முடியாமல் கீழடுக்கில் கரணை வைத்தவரைத் தாங்கள் மன்னித்ததில்லை. “ஏறத்தாழ” என்ற சொல்லைச் சொன்னவர் அன்று மாலைவரை மண்சல்லடையோடு தண்டனையாக நின்றார். “சுமார்னு சொல்றது சந்தையில. இங்க சொல்லாதீங்க” என்று தாங்கள் சொன்ன குரல், எங்களில் சிலருக்கு இன்றும் கனவில் கேட்கிறது. அந்தக் கடுமையால்தான், ஆற்றோரத்துப் புல்மேடாய், ஆடுகள் ஏறி இறங்கும் அரைவட்டமாய்க் கிடந்த ஒன்று, எங்கள் முன்னோர் எழுப்பிய மதிலாய் எழுந்து நின்றது. கருவாலி மரங்களைக் கிளையோடு வெட்டி, கிளையின் அடித்துண்டையே கொக்கியாய் விட்டு, அக்கொக்கியில் குறுக்குமரத்தை மாட்டி, அடுக்கி, இடையே களிமண்ணும் கல்லும் இட்டு நிரப்பிய மதில் அது. ஓர் ஆணி இல்லை. ஒரு நூற்றாண்டு தாங்கியது. பிறகு ஒரு நாள் எரிந்தது. எரிந்த வெப்பத்தில் அதன் வயிற்று மண் செங்கல்லாய்ச் சிவந்தது. அந்தச் சிவப்பை முதலில் கண்டவரும், அந்த மரங்களின் வளையங்களை எண்ணச் செய்து, எங்கள் நாட்டின் முதல் அரசர் திருமுழுக்குப் பெறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அவை வெட்டப்பட்டன என்று நிறுவியவரும் தாங்களே.

ஆனால் ஊர் அந்த மதிலை என்னவென்று அழைத்தது? “ஸ்வீடன் மேடு.”

பெயரடையின் பெருங்கேட்டை முதலில் உணர்ந்தவரே! எங்கள் ஊரில் பழையது எதுவும் ஸ்வீடன்காரருடையது. பாழடைந்த கிணறு ஸ்வீடன் கிணறு. வயலில் நிற்கும் பாறை ஸ்வீடன் பாறை. எப்போதோ படையெடுத்து வந்து, கொள்ளையிட்டு, குளிரில் விறைத்து, திரும்பிப் போன ஓர் அயற்படைக்கு, தன் பாட்டன் கட்டிய அனைத்தையும் தாரை வார்த்துவிட்டு, அதைப் பெருமையாகச் சொல்லித் திரியும் ஊர் உலகில் வேறு உண்டோ, அறியோம். மதில் எரிந்து எழுநூறு ஆண்டுக்கும் பின்னரே அந்தப் படை இந்தப் பக்கம் வந்தது. தாங்கள் பள்ளியில் சொன்னீர்கள். மாதா கோயிலில் சொன்னீர்கள். பாதையோரப் பலகையில் “ஸ்வீடன் மேடு” என்பதன்மேல் மூன்று முறை வெள்ளையடித்தீர்கள். மூன்று முறையும் அது திரும்ப எழுதப்பட்டது. அதோடு நில்லாமல், கோடைதோறும் “ஸ்வீடன் திருவிழா” என ஒன்று தொடங்கி, ஊரார் நீல உடையணிந்து, மரப்பீரங்கி வெடித்து, புளித்த முட்டைக்கோசு இறைச்சிக் குழம்பை அண்டா அண்டாவாய்ப் பரிமாறினார்கள். திருவிழாவுக்கு வண்டிகள் வந்தன. வண்டிகள் நிற்க இடம் வேண்டும் என்றார் ஊராட்சித் தலைவர் திரு. ஜெமோவித் கானியா. அவர் இதோ, முதல் வரிசையில் நடுநாற்காலியில் வீற்றிருக்கிறார். நன்றாகக் கேட்கும் தொலைவு அது.

மதிலின் மேற்குக் கரத்தை வெட்டிச் சமனாக்கி அந்த இடத்தை உண்டாக்குவது அவர் எண்ணம். சட்டம் குறுக்கே நின்றது; பழைய அரணைத் தொடக்கூடாது என்றது. அப்போதுதான் எவருக்கும் தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றியது: சட்டம் காப்பது “பழைய அரண்”, நாம் வெட்டப்போவது “ஸ்வீடன் மேடு”, பெயர் இரண்டாயின் இடமும் இரண்டு. ஒரு பெயரடை ஒரு மதிலை விழுங்க வாய் திறந்தது இவ்வாறே.

சென்ற ஆண்டு நவம்பர் முதல் நாள். இறந்தோரை நினைக்கும் அந்த நாளில் எங்கள் நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்கு வராதவர் இருவர்: நோயாளியும் திருடனும். கண்ணாடிக் கூண்டு விளக்கும் சாமந்தித் தொட்டியுமாய் ஊரே கூடியிருந்தது. பாதிரியார் அந்த ஆண்டு இறந்தோரின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தபோது, மேற்கே ஓர் இயந்திரத்தின் உறுமல். எல்லோரும் குனிந்த தலை குனிந்தபடி இருக்க, தாங்கள் மட்டும் நிமிர்ந்தீர்கள். தாய் தந்தையர் கல்லறையில் வைக்க ஏந்திய சாமந்தித் தொட்டியைக் கையிலிருந்து இறக்காமலே, கறுப்பு மேலங்கியோடு, அறுவடை முடிந்த கிழங்குத் தோட்டத்தின் சேற்றில் இறங்கி நடந்தீர்கள். எங்களில் சிலர் பின்னால் ஓடி வந்தோம். எட்டிப் பிடிக்க முடியவில்லை.

மண்ணள்ளும் இயந்திரம் மதிலின் மேற்குக் கரத்தை முக்கால் பங்கு பிளந்திருந்தது. அதன்மேல் ஓட்டுநர் அலோய்ஸி உட்கார்ந்திருந்தார். பண்டிகைச் சட்டையும் கழுத்துப் பட்டையும் அணிந்தபடி.

“அலோய்ஸி! நிறுத்துங்க! இறங்குங்க கீழே!”

“டாக்டரம்மா, என்மேல பாயாதீங்க. இதை முடிச்சாத்தான் எங்கம்மா கல்லறைக்கு நான் போக முடியும். அங்க என் பொண்டாட்டி விளக்கைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறா.”

“இன்னிக்கு ஏன்? நாளைக்கு மண்ணு எழுந்து ஓடிப்போயிடுமா?”

“இன்னிக்குன்னா யாரும் பாக்க மாட்டாங்கன்னுதான்…” என்றவர், சொன்னபிறகே சொன்னது என்னவென்று உணர்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இயந்திரம் நின்றது.

அதற்குள் ஊர் வந்துவிட்டது. முன்னே தலைவர் கானியா.

“என்ன டாக்டரம்மா, பெரிய நாளும் அதுவுமா இப்படிக் கத்துறீங்க? கொஞ்சம் மண்ணு. அதுவும் ஸ்வீடன்காரன் கொட்டிட்டுப் போனது.”

“யார் சொன்னா?”

“எங்க தாத்தா சொன்னாரு. அவருக்கு அவரோட தாத்தா சொன்னாரு.”

“உங்க தாத்தா வீட்டுக் கோழி காணாமப் போனாக்கூட, ஸ்வீடன்காரன்தான் புடிச்சிட்டுப் போனான்னு சொல்லியிருப்பாரு.”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

“சட்டத்துல இருக்கிறது பழைய அரண். அது உள்ள, பத்திரமா இருக்கு. இது ஸ்வீடன் மேடு. வேற எடம். அனுமதி வாங்கித்தான் செய்யுறோம்.”

“உங்க பேரு கானியா. ஊரு உங்களைத் தலைவர்னு கூப்பிடுது. ரெண்டு பேரு இருக்கிறதால நீங்க ரெண்டு ஆளா? ராத்திரி ரெண்டு தட்டுல சாப்பிடறீங்களா?”

பிறகு தாங்கள் தொட்டியைத் தரையில் வைத்தீர்கள்; வெட்டுப் பள்ளத்தில் இறங்கினீர்கள். சிவந்து வெந்த மண்ணுக்குள், சரிந்து கரிந்த மரங்களின் அடியில், ஒரு மனிதர் கிடந்தார். விலா எலும்புகள் வரிசை குலையாமல் இருந்தன. ஒரு கை தலையைக் காக்க மடிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆயிரமாண்டுக்கு மேல் யாரும் தொடாமல் கிடந்த இரண்டு கால்களை இயந்திரத்தின் பல் கவ்விக் கொண்டுபோய், பக்கத்துக் குவியலில் பாறாங்கல்லோடு பாறாங்கல்லாய்க் கொட்டியிருந்தது.

அம்மையீர், தங்கள் கோபத்தை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். ஆனால் அன்றைய கோபத்தில் ஓசையே இல்லை. தாங்கள் கைக்குட்டையை விரித்து, அந்தக் குவியலின் அருகே மண்டியிட்டு, எலும்பெலும்பாய்ப் பொறுக்கினீர்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் அதையும் பார்த்தோம்.

கல்லறைத் தோட்டத்து வாயிலில் விளக்கு விற்கும் பெத்ரோனேலா முன்னே வந்தார். விற்காத விளக்குகளைக் கூடையோடு தூக்கிக்கொண்டே வந்திருந்தார். ஊரில் நாக்கின் கூர்மைக்குப் பெயர்பெற்றவர்.

“டாக்டரம்மா, இந்த ஆளு ஸ்வீடன்காரனா? அப்படின்னா இப்பவே சொல்லிடுங்க. என் விளக்கெல்லாம் நம்ம சாமிக்கு ஏத்துற விளக்கு. போப்பை விட்டுட்டு வேதம் மாறினவனுக்கு எரியாது.”

“இவர் செத்தப்போ அந்த வேதம் பிறக்கவே இல்லை, பெத்ரோனேலா. நம்ம வேதமும் இந்த ஊருக்கு வரலை.”

“அப்ப ரெண்டுங்கெட்டானா?”

“இந்த ஊர்க்காரர்.”

“பேரு?”

“தெரியாது. செஞ்ச வேலை தெரியும். மதில் எரியுறப்போ எல்லாரும் ஓடினாங்க. இவர் ஓடலை.”

பெத்ரோனேலா பள்ளத்தைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். “நம்ம ஊர்ல ஓடாத ஆளு ஒருத்தன் இருந்திருக்கான். அவன் காலை ஒடிச்சு எடுத்துட்டீங்களே, தலைவரே” என்று சொல்லி, கூடையிலிருந்து ஒரு விளக்கை எடுத்துப் பற்றவைத்து, வெட்டின் விளிம்பில் வைத்தார். அடுத்து ஒருவர் வைத்தார். பிறகு விளக்கு வைக்க ஒரு வரிசையே சேர்ந்தது. அலோய்ஸி இயந்திரத்தை விட்டு இறங்கி, மனைவியிடமிருந்த விளக்கை வாங்கி வந்து வைத்தார். இருட்டுமுன் அந்த வெட்டு நெடுக விளக்குகள். தலைவர் எப்போது போனார் என்பதை எவரும் கவனிக்கவில்லை.

மனித எலும்பு கிடைத்த இடத்தில் வேலை நடக்கக் கூடாது என்பது விதி, மறுநாள் காவல்துறை வந்தது, வேலை நின்றது. தாங்கள் வழக்குத் தொடுத்தீர்கள். மதிலின் வெட்டுண்ட முகப்பைத் துலக்கி, அடுக்கு அடுக்காய் வரைந்து பதிவுசெய்யும் மீட்பு அகழாய்வு தங்கள் பொறுப்பில் தொடங்கியது. இந்த இலையுதிர்காலத்தில், எரிந்த மதிலுக்கும் கீழே, அதனினும் பழைய ஒரு மதிலின் அடிமரம் ஈரம் மாறாமல் தலைகாட்டியது. அதன் வயதை இன்னும் எவரும் அறியார். இந்த நாட்டில் எங்கள் இனத்தார் எழுப்பிய முதல் மதில்களில் ஒன்றாக அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முடித்துப் பார்த்தால்தான் தெரியும். ‘ஏறத்தாழ’ என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்பார்கள். எங்கள் மொழியில் சிகோரா என்பது ஒரு சிறு குருவியின் பெயர்; கானியா என்பது பருந்தின் பெயர். பருந்தாக வேண்டிய தேவை குருவிக்கு என்றும் வந்ததில்லை. குஞ்சுகளின் கூட்டருகே வரும் பருந்தின் கண்ணைக் கொத்தக் குருவியாக இருப்பதே போதும் என்பதை இந்த வட்டாரம் அன்று கண்டது.

கண்ட பருந்து என்ன செய்தது? காலண்டரைப் புரட்டியது. நடக்கும் அகழாய்வை முடிக்கும்வரை பணிநீட்டிப்பு அளிப்பது எங்கும் உள்ள வழக்கம். தங்களுக்கு முன்னிருந்தவருக்கு அது அளிக்கப்பட்டது. அவர் தோண்டியது ஒரு வடிகால். தங்களுக்கு மட்டும், ஊராட்சி அலுவலகத்தில், காபிக் கோப்பையை நீட்டியபடி, “ஓய்வெடுங்க டாக்டரம்மா, நீங்க ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க” என்று ஒரே வாக்கியத்தில் முடித்தார் தலைவர். இலக்கணம் பிழையற்ற வாக்கியம்தான்; எழுவாய்தான் தவறு. களைத்தவர் தாங்கள் அல்லீர். தங்கள் இடத்தில் வேறு எவரையும் அவர் நியமிக்கவுமில்லை. அகழாய்வு அனுமதியோ தங்கள் பதவியோடு கட்டப்பட்டது. ஆகவே இன்று மாலையோடு பதவியும் முடிகிறது, அனுமதியும் முடிகிறது. தலைவரின் கணக்குப்படி, பனி உருகியதும் பள்ளம் மூடப்படும். அதன்மேல் தார் ஊற்றப்படும். தாரின்மேல் அடுத்த கோடையில் வண்டிகள் நிற்கும். இந்தப் பூங்கொத்தும், இந்த வாழ்த்துரையும், இந்த நடுநாற்காலியும் அதற்கான சடங்கு.

அவையோரே! சினம் தீய குணம் என்று எங்களுக்குச் சிறுவயதில் சொல்லித் தந்தார்கள். அரும்பொறுமை பூண்டவர் என்றும், அன்பே உருவானவர் என்றும் ஓய்வுபெறுவோரைப் போற்றுவது வழக்கம். எங்கள் ஒத்தீலியா சிகோராவை அவ்வாறு போற்றினால் பொய் ஆகும். நாங்கள் அவருடைய சினத்தைப் போற்றுகிறோம். கண்ணெதிரே காலொடிக்கப்பட்ட முன்னோனுக்காக மூண்ட சினம் அது. பெயரை மாற்றி இடத்தைத் திருடுவோரைக் கண்டு பொங்கிய சினம் அது. தனக்கென ஒன்றும் கேட்காத சினம் அது. அச்சினம் இந்த நிறுவனத்தின் சொத்து. அதை எங்களிடம் ஒப்படைத்துவிட்டே அவர் ஓய்வு பெறுகிறார். பெற்றுக்கொண்டோம்.

ஆகவே, ஊராட்சித் தலைவர் அவர்களே, ஒன்றை இந்த அவையில் அறிவிக்கிறோம். அகழாய்வை மூட வேண்டுமானால் அருங்காட்சியகத்தின் கையொப்பம் வேண்டும். நூலகமோ, பாதுகாப்புக் கூடமோ, ஒளிப்படப் பிரிவோ, வாயிற்காவலோ, அந்தக் கையொப்பம் இடும் கை இந்தக் கட்டிடத்தில் எங்கும் இல்லை. தேடிப் பார்க்கலாம். எங்களையும் ஓய்வெடுக்கச் சொல்லலாம். இளையவர் எவருக்கேனும் புதிதாய் வேலை தந்து கேட்டும் பார்க்கலாம். எங்கள் மாவட்டத்தில் வேலையில்லாத தொல்லியலாளர் பலர் உண்டு. அவர்கள் அனைவரும் ஒத்தீலியா சிகோராவிடம் படித்தவர்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

அம்மையீர்! வழக்கப்படி தங்களிடம் கேட்டோம், பிரிவுப் பரிசாக எது வேண்டுமென்று. சுவர்க்கடிகாரமா, மலைநாட்டுக் கம்பளிப் போர்வையா என்று கேட்டவர் எங்கள் பாதுகாப்புக் கூடத்து ஹூபெர்ட்.

“ரெண்டும் எங்கிட்ட இருக்கு. வைக்கோல் வாங்கிக் கொடுங்க.”

“வைக்கோலா? எதுக்கும்மா?”

“இந்த வாரம் உறைஞ்சிடும். வெட்டு முகப்பை மூடலைன்னா பனி உள்ள புகுந்து வெடிச்சிடும். அடியில இருக்கிற மரம் ஒரு குளிர்கூடத் தாங்காது.”

“விழாவுல வைக்கோலைக் கொடுத்தா ஊரே சிரிக்கும்மா.”

“சிரிக்கட்டும். மதில் நிக்கணும்.”

கேட்டதைக் கேட்டபடியே வாங்கியிருக்கிறோம். பரிசை மேடைக்குக் கொண்டுவர இயலவில்லை. வாயிலில் அலோய்ஸியின் டிராக்டர் வண்டியில் ஏற்றப்பட்டிருக்கிறது. உறைபனிக்கு இன்னும் ஓர் இரவு இருக்கிறது என்று வானொலி சொன்னது. வானொலி பலமுறை தவறியிருக்கிறது.

இனி, இம்மடலின் முடிவில் சொல்ல வேண்டியது. நீடு வாழ்க, நோயின்றி வாழ்க என்று வாழ்த்தவில்லை, கட்டளையிடுகிறோம். வழக்கின் முதல் சாட்சி தாங்கள். விசாரணை வசந்தத்தில் என்றார்கள். எங்கள் நீதிமன்றங்களின் வசந்தம் எந்த ஆண்டில் வரும் என்பது நீதிமன்றங்களுக்கே தெரியாது. அதுவரை தங்களுக்கு மூட்டுவலி கூடாது, மூச்சிரைப்பு கூடாது, சளி பிடிக்கவும் உரிமையில்லை. தங்கள் எதிர்வழக்காடுவோர் ஒவ்வொருவராய் ஓய்வுபெற்று, அவர்களுக்கும் யாரேனும் இனிக்க இனிக்க மடல் வாசிக்கும் நாளிலும், தாங்கள் சாட்சிக்கூண்டில் நிமிர்ந்து நின்று, அந்த மதில் யாருடையது என்று ‘ஏறத்தாழ’ இல்லாமல் சொல்ல வேண்டும். அதற்கு எத்தனை ஆண்டு வேண்டுமோ, அத்தனை ஆண்டு தாங்கள் வாழக் கடமைப்பட்டவர்.

விழா இத்துடன் முடிகிறது. நாங்கள் மேற்குக் கரத்துக்குப் புறப்படுகிறோம். வர விரும்புவோர் கையுறை கொண்டு வருக. தலைவர் அவர்களே, தங்களுக்கும் ஒரு கட்டு ஒதுக்கியிருக்கிறோம். கனமில்லை, தோளில் வைத்தால் தெரியாது. வழி கேட்பதானால் ஸ்வீடன் மேடு எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். இன்று முதல் அந்தப் பெயருக்கு எங்கள் ஊரில் யாரும் வழி சொல்லமாட்டார்கள்.

தங்கள் சினத்தின் வாரிசுகள்,
ஒல்ஷாவ்கா வட்டார அருங்காட்சியகப் பணியாளர்கள்

எவ்லாலியா ஜென்தெக், நூலகமும் பதிப்பும்
ஹூபெர்ட் ம்ரூஸ், பாதுகாப்புக் கூடம்
கொர்னேலியா பில்க், ஒளிப்படப் பிரிவு
மற்றும் வாயிற்காவலர் ஈறாக அனைவரும்

(ஊராட்சித் தலைவர் கையொப்பமிட வழக்கமாக விடப்படும் இடம் இம்மடலில் விடப்படவில்லை.)